டெக் போடுகிறவரிடம் ஸ்குரூப் பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள்

டொரொண்டோவை அண்டிய ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் இந்தக் கோடையில் பின்வளவில் டெக் (வீட்டோடு சேர்ந்த மரத்தளம்) போட நினைக்கிறவர்கள், முற்பணம் கொடுக்க முன்னம் இதை வாசித்துவிடுங்கள். எங்களுக்கு டெக் போட்டவர் மரத்தில் ஏமாற்றவில்லை. உக்காமல் இருக்க மருந்து ஏற்றிய நல்ல பிரஷர் ட்ரீட்டட் மரம்தான். ஏமாற்றியது ஆணியிலும் ஸ்குரூவிலும்.

பனிக்காலம் இரண்டு போனதும் ஸ்குரூத் தலைகளைச் சுற்றிக் கறுப்பாகக் கறை படியத் தொடங்கியது. பிறகு படிக்குப் பக்கத்தில் ஒரு பலகை ஆடியது. அழைத்துச் சொன்னால், "அண்ணை, மரமென்றால் வெடிக்கும், வளையும். அதுக்கு நான் என்ன செய்யிறது?" என்கிறார். அதில் பாதி உண்மை. ஈரத்தோடு வருகிற மரம் காயும்போது சுருங்கும், மேலே வெடிப்பு விழும், பலகைகளுக்கு நடுவே இடைவெளி கூடும். அதற்காக யாரோடும் சண்டைக்குப் போகத் தேவையில்லை. ஆனால் ஸ்குரூ அறுந்து போவது மரம் காய்வதால் அல்ல.

ஆடிய பலகையில் ஒரு ஸ்குரூவைக் கழற்றப் பார்த்தேன். தலை மட்டும் கழன்று வந்தது. பலகையை நெம்பித் தூக்கினால், கீழே பலகையைத் தாங்குகிற ஜொயிஸ்ட் சட்டத்தில் நின்ற தண்டு, இரண்டு மரமும் சந்திக்கிற இடத்தில் ஈர்க்குப் போல மெலிந்து, கறள் பிடித்து நின்றது. கறுப்பு ஸ்குரூ. வீட்டுக்குள்ளே ட்ரைவால் என்ற சுவர் அட்டை பூட்டுகிறதற்கு உள்ளது. டெக்கில் போடவே கூடாது. ஜொயிஸ்டைப் பிடிக்கிற இரும்புத் தாங்கிகளான ஹாங்கர்களிலும் ஆணி இருக்க வேண்டிய துளைகளில் பாதி காலி, மீதியில் அதே ஸ்குரூ. பாரம் குறுக்காக அழுத்தினால் அது வளைந்துகூடக் கொடுக்காது, பட்டென்று முறியும்.

இதில் மரத்தின் மருந்துக்கும் பங்கு உண்டு. 2003 முடியும்வரை கனடாவிலும் அமெரிக்காவிலும் வீட்டு வேலைக்கு வந்த ட்ரீட்டட் மரத்தில் ஆர்சனிக் கலந்த சிசிஏ என்ற மருந்து இருந்தது. அதை வீட்டுப் பாவனையிலிருந்து எடுத்த பிறகு ஏசிகியூ, கொப்பர் அசோல் என்று செம்பு கூடிய மருந்துகள் வந்தன. செம்பு மரம் உக்காமல் காக்கும். ஆனால் ஈரம் பட்டால் தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் இரும்பையும் நாகப் (துத்தநாகப்) பூச்சையும் அரிக்கும். ஆகவே பளபளவென்று மின்னுகிற, மெல்லிய நாக முலாம் பூசிய ஆணி காணாது. உருகிய நாகத்தில் தோய்த்தெடுத்த ஹொட் டிப் ஆணி, அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அல்லது ட்ரீட்டட் மரத்துக்கு உகந்தது என்று பெட்டியிலேயே எழுதியிருக்கும் டெக் ஸ்குரூ வேண்டும். ஹாங்கர் நாகம் பூசியதென்றால் ஆணியும் அதே வகை. ஸ்டெயின்லெஸ் ஆணியை அதில் அடித்தால் ஹாங்கர் இன்னும் வேகமாக அரிபடும்.

எனக்கு வயிறு கலங்கியது லெட்ஜரைப் பார்த்தபோதுதான். டெக்கை வீட்டுச் சுவரோடு தாங்கிப் பிடிக்கிற பலகை அது. வெறும் ஆணி அடித்து விட்டிருக்கிறார், ஒரு போல்ட் கிடையாது. தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலே வைத்த தகடு அலுமினியம். செம்பு மருந்து அலுமினியத்துக்கு ஆகவே ஆகாது. மரம் தொட்ட இடமெல்லாம் ஊசித் துளை. டெக் இடிந்து விழுகிறபோது பெரும்பாலும் இந்த இடம்தான் பிரிந்து வருகிறது. மகளின் பிறந்தநாளுக்கு வந்த சனம் முழுக்க அந்த டெக்கில்தான் நின்றது. கொஞ்சக் காசு மிச்சம் பிடிக்க ஒரு மனிதர் இதைச் செய்திருக்கிறார் என்பதை என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.

டெக் கட்ட நகரசபை தருகிற பெர்மிட்டைத் தானே எடுப்பதாகவும் சொன்னவர். நகரசபையில் விசாரித்தால் அப்படி ஒரு விண்ணப்பமே இல்லை. எடுத்திருந்தால் பரிசோதகர் வந்து லெட்ஜரைப் பார்த்திருப்பார்.

எழுத்தில் வாங்குங்கள்: என்ன ஆணி, என்ன ஸ்குரூ, லெட்ஜருக்கு என்ன போல்ட், வெட்டிய நுனிகளுக்கு மருந்து பூசுவாரா இல்லையா. வேலை நடக்கும்போது பெட்டிகளைப் படம் எடுத்து வையுங்கள். கடைசிக் காசு கொடுக்க முன்னம் டோர்ச் ஒன்றோடு டெக்குக்குக் கீழே போய்ப் பாருங்கள். வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கிய ஒப்பந்தமென்றால், ஒன்ராறியோவில் அதன் பிரதி கிடைத்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம்.

இப்போது பார்த்த வேறொரு தச்சர், பலகைகளில் பெரும்பகுதியைத் திருப்பிப் பாவிக்கலாம், ஹாங்கர், லெட்ஜர், ஸ்குரூ எல்லாம் புதிதாக வேண்டும் என்கிறார். முந்தியவர் தொலைபேசியை எடுப்பதில்லை. முறிந்த ஸ்குரூக்களின் படங்களோடு மாகாண நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவுக்கு முறைப்பாடு அனுப்பியிருக்கிறோம்.