லார்ட்ஸ் கிரவுண்ட் டூர்: ஈட்டன், ஹாரோ கதைய படிச்சிட்டு போங்க

லண்டன் போற நம்ம ஆளுங்க பாதி பேர் லார்ட்ஸ் டூர் எடுக்குறதே கங்குலி சட்டைய கழட்டி சுத்துன பால்கனிய பாக்கத்தான். நானும் அங்க நின்னு போட்டோ எடுத்தேன், செம ஃபீலிங். ஆனா அந்த கிரவுண்டோட பழைய கதை ஈட்டன், ஹாரோன்னு இங்கிலாந்துல இருக்குற ரெண்டு பணக்கார பிரைவேட் ஸ்கூல் பசங்களோடது, அது தெரிஞ்சா டூர் இன்னும் நல்லா இருக்கும்.

ஈட்டனும் ஹாரோவும் மோதுன முதல் மேட்ச் 1805ல, தாமஸ் லார்ட் முதல்ல வச்சிருந்த பழைய கிரவுண்டுல. ஹாரோ டீம்ல கவிஞர் பைரன் ஆடினார், கால் சரியில்லாததால ரன்னர் வச்சுகிட்டு. ஜெயிச்சது ஈட்டன். இப்ப இருக்குற இடத்துக்கு லார்ட்ஸ் வந்தது 1814ல.

கீழ பவுண்டரி பக்கம் நின்னு பாருங்க, ஒரு பக்கத்துக்கும் எதிர் பக்கத்துக்கும் ரெண்டரை மீட்டர் சரிவு இருக்கு, டிவில அது சுத்தமா தெரியாது. அங்க நின்னப்ப எனக்கு 1910 மேட்ச்தான் ஓடுச்சு. ஹாரோ 232, ஈட்டன் 67க்கு ஆல் அவுட் ஆகி ஃபாலோ ஆன், திரும்ப ஆடி 219. ஹாரோக்கு வெறும் 55 ரன் போதும், ஈட்டன் கேப்டன் ஃபௌலர் 23 ரன்னுக்கு 8 விக்கெட் எடுக்குறான், 32க்கு 9 விக்கெட் போச்சு, கடைசி ஜோடி 13 ரன் சேத்து 45ல ஆல் அவுட், ஈட்டன் 9 ரன்ல ஜெயிச்சிருச்சு! கடைசியா அவுட்டான அலெக்சாண்டர் பின்னாடி இரண்டாம் உலகப்போர்ல ஃபீல்ட் மார்ஷல்.

பெவிலியனுக்குள்ள இருக்குற லாங் ரூம்ல நிக்கும்போதுதான் அரசியல் பக்கம் உறைக்குது. ஈட்டன்ல படிச்ச பிரிட்டிஷ் பிரதமர்கள் 20 பேர், ஹாரோல 7 பேர், சர்ச்சில் உட்பட. நம்ம நேருவும் ஹாரோதான். 1963ல பிரதமரான டக்ளஸ் ஹோம் ஈட்டனுக்காக இதே லார்ட்ஸ்ல ஹாரோவ எதிர்த்து ஆடினவர். ரெண்டே ஸ்கூல், 27 பிரதமர், யோசிச்சு பாருங்க.

அதனாலதான் வருஷா வருஷம் நடக்குற இந்த ஈட்டன், ஹாரோ மேட்ச் இன்னும் லார்ட்ஸ்ல வேணுமாங்கிற சண்டை பெருசாச்சு. 2022ல லார்ட்ஸோட சொந்தக்கார கிளப்பான எம்சிசி நிறுத்தப்போறோம்னு சொன்னாங்க, மெம்பர்ஸ் கொதிச்சதும் 2027 வரைக்கும் இருக்கட்டும்னு விட்டுட்டாங்க. அப்படி விட்டதுல எனக்கு உடன்பாடே இல்ல. அந்த 1910 ஸ்கோர்கார்டு எனக்கு உயிர், ஆனா இங்கிலாந்து பொண்ணுங்களோட முதல் டெஸ்ட்டையே லார்ட்ஸ்ல 2026க்குத்தான் வச்சாங்க, கவர்மென்ட் ஸ்கூல் பசங்களுக்கும் அந்த புல்லுல ஆட ஆசை இருக்கும்ல? ஈட்டனும் ஹாரோவும் சொந்த கிரவுண்டுல ஆடிக்கட்டும், ரெண்டு பேர்கிட்டயும் அருமையான கிரவுண்டு இருக்கு.

மியூசியத்த அவசரமா தாண்டிடாதீங்க. ஆஷஸ் கோப்பை கையளவுதான். 1936ல ஜஹாங்கீர் கான் போட்ட பந்து பட்டு செத்த குருவிய பாடம் பண்ணி வச்சிருக்காங்க, அதையும் பாருங்க.

ஜூபிலி லைன்ல செயின்ட் ஜான்ஸ் வுட்ல இறங்கி கொஞ்ச தூரம் நடை. பெரிய மேட்ச் நாள்ல டூர் இருக்காது, தேதி பாத்து புக் பண்ணுங்க. என் ரேட்டிங் அஞ்சுக்கு நாலரை.