பாலக்காட்டுக் கணவாயில் ஒரு 400 மி.மீ. லென்ஸ்

பருந்துகளைப் படமெடுக்க எந்த லென்ஸ் வாங்கலாம் என்று கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகள் கேட்டால், இப்போது காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது என்று முதலில் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். என்னிடம் இருப்பது கேனன் இஎஃப் 400 மி.மீ. எஃப்/5.6. 1993இல் வெளிவந்தது. ஒருவர் பயன்படுத்தியதை வாங்கி, பல ஆண்டுகளாக இந்தக் கேரள-தமிழக எல்லையோர வயல்களில் அதைத்தான் சுமந்து திரிகிறேன்.

எடை 1,250 கிராம். ஸ்டாண்ட் இல்லாமல், பறக்கும் பறவையைக் கையாலேயே தொடர இது போதும். கைநடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி இதில் கிடையாது. சிறகடிப்பை நிறுத்திப் பிடிக்க எப்படியும் 1/2000 நொடி ஷட்டர் வேகம் வேண்டும். அந்த வேகத்தில் கைநடுக்கம் படத்தில் ஏறாது. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) 400இல் வைத்தாலே அதைவிடக் கூடுதல் வேகம் கிடைக்கிறது. ஃபோகஸை 8.5 மீட்டருக்கு அப்பால் மட்டும் தேடவைக்கும் சுவிட்சை நான் மாற்றுவதே இல்லை. நெல்லியாம்பதிக் காட்டு நிழலில், கிளையில் அமர்ந்திருக்கும் கொண்டைப் பாம்புக் கழுகை எடுப்பதற்கு மட்டும் ஸ்டாண்ட் கட்டாயம்.

இனி காற்று. டிசம்பர், ஜனவரியில் கணவாய் வழியாகக் கீழைக்காற்று பலமாக அடிக்கிறது. கருந்தோள் பருந்து வயலுக்கு மேலே ஒரே இடத்தில் நின்று சிறகடித்து இரை தேடும்போது முகம் எப்போதும் காற்றை நோக்கியே இருக்கும். அதாவது கிழக்கே. காலைச் சூரியனும் கிழக்கே. கோவைப் பக்கம் வெளி திறந்து கிடப்பதால், தாழ்ந்த வெயில் மலை மறைக்காமல் நேராக இறக்கைக்கு அடியில் விழுகிறது. சூரியனுக்கு முதுகு காட்டி நின்றால் அந்தச் சிவந்த கண்ணும், வெள்ளை மார்பும், தோளின் கறுப்பும் ஒருசேரத் துலங்கும். அதே வயலில் மாலையில் நின்றால் வெயில் படுவது பறவையின் வாலில்தான்! தென்மேற்குப் பருவத்தில் காற்று மேற்கிலிருந்து வருவதால் கணக்கு தலைகீழாகும். மழை விட்ட மாலைகளே அப்போது நமக்கானவை.

குளிர்காலத்தில் வலசை வரும் பூனைப்பருந்துகள் வயலை ஒட்டித் தாழப் பறப்பவை. அறுவடை முடிந்த தாள் வெளிறிக் கிடந்தால், அதில் பட்டுத் தெறிக்கும் ஒளி அவற்றின் அடிப்பக்கத்தையும் காட்டிக்கொடுக்கிறது. பச்சை வயலுக்கு மேல் இது நடப்பதில்லை. பத்து மணிக்குமேல் தரை சூடேறிவிட்டால் கானல் அசைய ஆரம்பிக்கும். எவ்வளவு விலையுள்ள லென்ஸாலும் அதை ஊடுருவ முடியாது. நான் அந்நேரத்தில் கேமராவைப் பைக்குள் வைத்துவிடுகிறேன்.

எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்கு எவ்வளவு ஒளி என்ற முடிவை, கேமராவிடம் ஒப்படைக்காதீர்கள். வெளிர் வானத்தை அளந்து, கரும்பருந்தை வெறும் நிழலுருவமாக்கிவிடும். அதற்காக ஒரு ஸ்டாப் (இரு மடங்கு ஒளி) கூட்டிவைத்தால், பறவை மலைப்பின்னணிக்கு இறங்கியதும் படம் வெளுத்துப்போகும். பறவைமேல் படும் வெயில் மாறாதவரை மேனுவலில், அதாவது நாமே அளவைக் குறிக்கும் முறையில், ஒரே அளவை வைத்திருப்பதே சரி. செம்பருந்துக்கு அதன் வெள்ளைத் தலையைப் பார்த்து அளவு வையுங்கள். தலை வெளுத்தால் இறகின் வரிகளை மீட்கவே முடியாது.

கொல்லங்கோட்டுக்குத் தெற்கே எழும் மலைச்சுவர் வடக்கு நோக்கியது. டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் நடுப்பகலில்கூட அந்தப் பாறைமுகம் நிழலில்தான் இருக்கும். அதன் முன்னே வட்டமிடும் கழுகு எவ்வளவு கிட்டே வந்தாலும் வெயில் அதன் முதுகுப்புறத்தில்தான் விழும். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் சூரியன் இவ்வூர் உச்சியைக் கடந்து வடக்கே நகர்கிறது. மழை பிடிக்கும்வரை சில வாரங்கள், காலையிலும் மாலையிலும் பாறைமேல் வெயில் படும். அங்கே போக விரும்புகிறவர்கள் அதுவரை காத்திருக்கலாம்.

இந்த லென்ஸுக்கு மழைக்காப்பு இல்லை. ஜூனிலிருந்து வெளியே எடுக்காத நாள்களில் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாப் பெட்டியில்தான் வைக்கிறேன். ஈரம் தங்கினால் கண்ணாடியில் பூஞ்சை பிடித்துவிடும். பெட்டிக்குள் ஈரப்பத மானி ஒன்றையும் வைத்து, அளவு 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.