பழைய சாமானை விற்க எது தோது: வாசலா, கைப்பேசியா, லாரியா?

மலேசியாவின் தோட்டப்புற ஊர்களில் வீடு மாறுவது சாதாரணம். தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டுத் தாமான் எனும் குடியிருப்புப் பகுதிக்கு வருவார்கள். அப்புறம் பிள்ளைகள் வேலை செய்யும் கிள்ளானுக்கோ ஜொகூருக்கோ போவார்கள். கிளம்பும்போதுதான் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று தெரியும்: கல்யாணத்துக்கு வந்து இன்னும் பெட்டி பிரிக்காத ரைஸ் குக்கர், பேரனுக்குச் சின்னதாகிவிட்ட சைக்கிள், அலமாரி நிறையப் பஞ்சாபி சூட். பேராக்கின் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் இவற்றைக் காசாக்க நான்கு வழி உண்டு. வீட்டு வாசலில் பரப்பி விற்கலாம், கைப்பேசியில் விளம்பரம் போடலாம், ஈப்போவின் ஞாயிறு காலைப் பழம்பொருள் சந்தைக்குக் கொண்டு போகலாம், இல்லையென்றால் ‘சூராட் காபார் லாமா’ (பழைய பத்திரிகை) என்று ஒலிபெருக்கியில் கூவி வந்து பழைய சாமானை எடைக்கு எடுக்கும் லாரிக்குப் போட்டுவிடலாம். நான் வாசல் கட்சி. ஆனால் எல்லாப் பொருளுக்கும் இல்லை.

வாஷிங் மெஷின், குளிர்சாதனப் பெட்டி, கைப்பேசி என்று பிராண்டும் மாடலும் உள்ளவை கைப்பேசி விளம்பரத்துக்கே சரி. முகநூல் மார்க்கெட்பிளேஸ், முடா, கரோசல் எதில் போட்டாலும் வாங்குபவர் புதிய விலையோடு ஒப்பிட்டுப் பார்த்து, கோலகங்சாரிலிருந்தோ ஈப்போவிலிருந்தோ வண்டியோடு வருவார். அதே இடத்தில் மூன்று வெள்ளி (ரிங்கிட்) விலையில் ஒரு தட்டைப் போட்டால் ‘இன்னும் இருக்கா?’ என்று பத்து பேர் கேட்பார்கள், ஒருவரும் வரமாட்டார்கள். இன்னொரு தொல்லை, பணம் போட்டதாகப் போலி ரசீதுப் படம் அனுப்புகிறவர்கள். உங்கள் கணக்கைத் திறந்து பணம் ஏறியிருப்பதைப் பார்த்த பிறகுதான் பொருள் வாசல் தாண்ட வேண்டும். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 997க்கு அழையுங்கள். அது தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண்.

தட்டு, சட்டி, விளையாட்டுப் பொருள், மின்சாரக் காற்றாடி, பிளாஸ்டிக் நாற்காலி, திரைச்சீலை போன்ற சில்லறைச் சாமான்களுக்கு வாசலை மிஞ்ச எதுவுமில்லை. ஆனால் நாள் பார்க்க வேண்டும். பஞ்சாங்கத்தில் இல்லை, சம்பளத்தில். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். அதனால் பெரும்பாலான வீடுகளில் மாதத்தின் முதல் வாரத்துக்குள் காசு வந்துவிடும். 7ஆம் தேதியை ஒட்டி வரும் ஞாயிறு உத்தமம். இருபதாம் தேதிக்கு மேல் கடை போட்டால் வருகிறவர்கள் பார்த்துப் பேசிவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான். காலை ஏழரைக்குத் தொடங்கி மதியத்துக்குள் மூட்டை கட்டிவிடுங்கள். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மதியத்துக்கு மேல் இடியோடு மழை கொட்டும் நாள்கள் அதிகம். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னால் அண்டா, முறுக்கு அச்சு, பெரிய தட்டுகளுக்கு நல்ல கிராக்கி இருக்கும். கடைசி வாரத்தில் எல்லோருக்கும் புதுசுதான் வேண்டும்.

அடுத்தது விலை. எல்லோரும் தெரிந்தவர்களாக இருப்பதுதான் நம் ஊரின் சௌகரியமும் சங்கடமும். “நம்ம வீட்டுப் பிள்ளைதானே, சும்மா குடு” என்று ஒரு பெரியம்மா தொடங்கினால் உங்களுக்கு வாய் வராது. முதல் நாள் இரவே எல்லாவற்றிலும் விலை எழுதி ஒட்டிவிட்டால், “ஆன்ட்டி, பத்து வெள்ளின்னு போட்டிருக்கு, ஏழுக்குத் தர்றீங்களா?” என்று பேச்சு எண்ணில் தொடங்கும். ஒரு வெள்ளி, இரண்டு, ஐந்து, பத்து என்று முழுசாகப் போடுங்கள். ஒரு வெள்ளி நோட்டுகள் கையில் நிறைய இருக்கட்டும். கைப்பேசியில் பணம் செலுத்த டியூட்நவ் கியூஆர் அட்டையும் ஒட்டி வையுங்கள். மின்சாரப் பொருளைப் போட்டுப் பார்க்க ஒரு நீட்டிப்பு வயர் வாசல்வரை வர வேண்டும். ஓடாத காற்றாடியை யாரும் நம்பி வாங்குவதில்லை. விற்பனைக்கு இல்லாத சாமான் எதையும் போர்ட்டிகோவில் விடாதீர்கள், உள்கதவைப் பூட்டுங்கள். எரிவாயுச் சிலிண்டரை விற்பனையில் வைக்காமல் முன்பணம் கட்டிய கடையில் திருப்பிக் கொடுப்பதே முறை.

கோயில் குழுவிலும் பள்ளிப் பெற்றோர் குழுவிலும் வாட்ஸ்அப்பில் செய்தி போட்டால் நம்மவர்கள் வருவார்கள். ஆனால் காற்றாடி, போர்வை, சட்டி பானையைச் சட்டென்று எடுப்பவர்கள் பெரும்பாலும் தோட்டத்தில் வேலை செய்யும் இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும். அவர்களுக்காகத் தோட்டத்துக் கடையில் ‘பாராங் தெர்பாக்காய்’ (பயன்படுத்திய பொருள்) என்று மலாயில் ஓர் அட்டை ஒட்டச் சொல்லுங்கள்.

வாசலில் எடுபடாதது சேலை. அடுத்த வாரம் கோயிலில் ‘இது இன்னார் வீட்டுச் சேலையாச்சே’ என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான், வேறொன்றுமில்லை. குழந்தை உடுப்புக்கு அந்தப் பயம் கிடையாது, கூடையோடு போகும். சேலைகளை வெளியூரில் விற்பதே நல்லது.

ஈப்போ சந்தை எல்லோருக்கும் அல்ல. 30 கிலோமீட்டர் அளவில் பயணம், எண்ணெய்ச் செலவு, இடம் பிடிக்கும் பாடு. ஆனால் தாத்தா ரப்பர் மரம் சீவிய பால்வெட்டுக் கத்தி, பீங்கான் பால் கோப்பை, மங்குத் தூக்குச்சட்டி, பழைய தராசு இருந்தால் அங்கே போய் விசாரியுங்கள். நம் வாசலில் அதற்கு ஐந்து வெள்ளி கேட்டாலே முகம் சுளிப்பார்கள், சேகரிப்பவர் கண்ணுக்கு அது வேறு பொருள்.

லாரி கிலோ கணக்கில்தான் பேசும், காசு சொற்பம். ஆனால் தூக்கிப் போகிற வேலை உங்களுக்கு இல்லை. எனவே விற்பனைக்கு முன்பு அதைக் கூப்பிடாதீர்கள், மறுநாள் கூப்பிடுங்கள். நிறுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். வீட்டுத் தராசில் ஒரு முறை எடை பார்த்து வைத்தால் இன்னும் நல்லது. பித்தளையை இரும்போடு சேர்த்து ஏற்ற விடாதீர்கள், இரண்டுக்கும் விலை வேறு.