புதுச்சேரிக் கடலில் காம்பாக்ட் கேமராவும் ஹவுசிங்கும்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

காம்பாக்ட் கேமராவுக்குத் தண்ணீருக்கடியில் பயன்படுத்தும் ஹவுசிங் (தண்ணீர் புகாத கெட்டிக் கூடு) வாங்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது, “எத்தனை மீட்டர் ஆழம் தாங்கும்?” என்பதுதான். புதுச்சேரியில் டைவ் அடிக்கிறவர் அதைக் கடைசியில் பார்த்தால் போதும். பாலிகார்பனேட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த ஹவுசிங்குகள் பெரும்பாலும் 40 மீட்டருக்கென்றே வருகின்றன. பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லையே 40 மீட்டர்தான். ஓப்பன் வாட்டர் என்ற அடிப்படை டைவிங் சான்றிதழ் மட்டும் வைத்திருப்பவருக்கு 18 மீட்டர். எனவே 60 மீட்டர் தாங்கும் ஹவுசிங்குக்காகக் கூடுதல் பணம் கொடுத்து நாம் எதையும் பெறப்போவதில்லை. நம் கடலுக்குப் பார்க்க வேண்டியவை வேறு: பொருளுக்கு எவ்வளவு கிட்டே போக முடியும், வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து கொண்டுவர முடியுமா, இந்த உப்புக் காற்றில் அதைப் பராமரிக்க முடியுமா.

கிட்டே போவது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், நம் தண்ணீர் அப்படி. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் சங்கராபரணியும் தென்பெண்ணையும் கெடிலமும் வண்டலைக் கொண்டுவந்து கொட்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பிறகு, கரையிலிருந்து பார்த்தாலே கடல் செம்மண் நிறத்தில் இருந்தது. மழைக்காலம் முடிந்து தெளிந்தாலும் அந்தமான் படங்களில் பார்க்கும் நீலம் இங்கே எல்லா நாளும் கிடைக்காது. பச்சை கலந்த தண்ணீர், அதில் மிதக்கும் நுண்துகள், சில நாள் கூட வருகிறவரின் துடுப்புக்கூடச் சரியாகத் தெரியாது. படகில் வரும் அண்ணன் தண்ணீரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இன்னிக்கு கலங்கல்தான் தம்பி, தூரத்துல இருக்கறத எல்லாம் விட்டுடு” என்பார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

கேமராவுக்கும் மீனுக்கும் இடையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறதோ அவ்வளவுக்குப் படம் மங்கும். சிவப்பு நிறம் முதல் சில மீட்டரிலேயே போய்விடும். இதோடு ஹவுசிங்கின் தட்டைக் கண்ணாடியும் ஒரு வேலை செய்கிறது. ஒளி தண்ணீரிலிருந்து கண்ணாடி வழியாக உள்ளே இருக்கும் காற்றுக்கு வரும்போது வளைவதால் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், லென்ஸின் பார்வைக் கோணம் குறுகிவிடும். கரையில் பரந்து பார்க்கும் 28 மி.மீ. லென்ஸ் உள்ளே கிட்டத்தட்ட 37 மி.மீ. போல நடந்துகொள்ளும். ஒரு களவா மீனை முழுசாக எடுக்கப் பின்னால் நகர்ந்தால் நடுவில் கலங்கல் சேர்ந்துகொள்ளும். இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, ஹவுசிங்குக்கு வெளியே தண்ணீருக்குள்ளேயே மாட்டிக் கழற்றும் அகலக்கோண லென்ஸ். இன்னொன்று, பெரிய மீனை விட்டுவிட்டுச் சின்னதைத் தேடுவது.

நான் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன். நம் கடலுக்கு அதுதான் பொருத்தம் என்று உறுதியாகச் சொல்வேன். பாறை இடுக்கில் தலையை மட்டும் நீட்டும் அஞ்சாலை, கடல் விசிறிக் கிளையில் ஒட்டியிருக்கும் விரல் நகத்தளவு உயிர்கள், ஓடில்லாத கடல் நத்தைகள் எல்லாம் ஒரு சாண் தூரத்தில் கிடைக்கும். ஒரு சாண் தண்ணீரில் கலங்கல் பெரிதாகத் தெரியாது. இதற்காகவே ஒலிம்பஸ் டிஜி-6-க்கு மாறினேன். லென்ஸ் முகப்பிலிருந்து 1 செ.மீ. வரை நெருங்கி ஃபோகஸ் பிடிக்கும் மைக்ராஸ்கோப் முறை அதில் இருக்கிறது. 1 அங்குல சென்சார் கொண்ட சோனி ஆர்எக்ஸ்100 வரிசை படத்தரத்தில் மேலே என்பதில் சந்தேகமில்லை. கண்ணாடித் தண்ணீரில் அகலமான காட்சி எடுக்கிறவருக்கு அதுவே சரி. ஆனால் அதை வைத்து இவ்வளவு கிட்டே எடுக்க வெளியில் ஒரு குளோசப் லென்ஸ் மாட்டியாக வேண்டும். ஆகவே எந்த ஹவுசிங்காக இருந்தாலும் முன்கண்ணாடி வளையத்தில் லென்ஸ் மாட்டத் திருகுமரை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வெளி லென்ஸ்கள் பலவும் 67 மி.மீ. மரையில் வருகின்றன. அந்த அளவு நேரடியாக இருந்தாலும் சரி, அடாப்டர் கிடைத்தாலும் சரி. மரையே இல்லாத ஹவுசிங் என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

டிஜி-6-ஐத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணம், அந்த கேமராவே ஹவுசிங் இல்லாமல் 15 மீட்டர் வரை தாங்கும். அதற்கென்று வரும் பிடி-059 ஹவுசிங் 45 மீட்டர் தாங்கும். அடுத்து வந்த டிஜி-7-க்கும் அதே ஹவுசிங் பொருந்தும். ஆழம் குறைந்த இடத்தில் ஹவுசிங்குக்குள் தண்ணீர் புகுந்தாலும் கேமரா பிழைத்துக்கொள்ளும் என்ற நிம்மதி பெரிய விஷயம். சாதாரண காம்பாக்ட் கேமராவுக்கு அந்த வாய்ப்பு இல்லை, சில துளி உப்புத் தண்ணீர் போதும். ஹவுசிங் ஒரே மாடலுக்கென்று செய்யப்படும் பொருள் என்பதையும் நினைவில் வையுங்கள். கேமரா போய், அந்த மாடலும் சந்தையில் இல்லாமல் போனால், ஹவுசிங் வெறும் டப்பாதான். அடுத்த மாடலுக்கும் பொருந்துவது அபூர்வம், அதற்குத் தனி மதிப்பெண் கொடுப்பேன்.

வெளிச்சம் பற்றி: கேமராவின் சொந்த ஃபிளாஷ் லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் மிதக்கும் துகள் ஒவ்வொன்றும் வெள்ளைப் புள்ளியாகப் படத்தில் விழும். நம் தண்ணீரில் அது படத்தையே தின்றுவிடும். ஹவுசிங்கிலிருந்து பக்கவாட்டில் கைபோல நீட்டி வைத்த தனி ஸ்ட்ரோப் (தண்ணீருக்கடியில் பயன்படுத்தும் வெளி ஃபிளாஷ்) அல்லது வீடியோ லைட் வேண்டும். ஸ்ட்ரோபை, ஒளியைக் கடத்தும் ஃபைபர் ஆப்டிக் கேபிள் வழியாகக் கேமரா ஃபிளாஷ் இயக்கும், ஹவுசிங்கில் ஓட்டை எதுவும் போட வேண்டியதில்லை. கேபிளைச் செருக இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சிவப்பு ஃபில்டர் நீலத் தண்ணீருக்கானது. இங்கே அது பெரும்பாலும் வெளிச்சத்தைக் குறைக்கத்தான் உதவுகிறது.

அப்புறம் ஓ-ரிங், அதாவது ஹவுசிங் மூடும் இடத்தில் தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம். குக்கர் கேஸ்கெட்டில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தால் ஆவி எப்படிப் போகுமோ, ஓ-ரிங்கில் ஒரு தலைமுடி இருந்தால் தண்ணீர் அப்படி வரும். தண்ணீரைத் தடுப்பது கிரீஸ் என்று பலரும் நினைக்கிறார்கள். தடுப்பது ரப்பர்தான். வெளித்தண்ணீரின் அழுத்தம் ரப்பரைப் பள்ளத்தில் இறுக்கி அமுக்குகிறது. அந்த ரப்பர் பிசிறில்லாமல் நகர்ந்து உட்காரத்தான் கிரீஸ். அதிகம் தடவினால் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். விரல் நுனியில் பளபளப்பு தெரியும் அளவு போதும். எந்த கிரீஸ் என்பதையும் தயாரிப்பாளர் சொன்னபடியே கேளுங்கள், சிலிகான் ரப்பர் ஓ-ரிங்கைச் சில சிலிகான் கிரீஸ் உப்பவைத்துவிடும். துடைக்கப் பஞ்சு வேண்டாம், இழை விடும். விரலால் தடவிப் பார்ப்பதே நல்லது. மணல் நெருடலைக் கண்ணைவிட விரல் சீக்கிரம் கண்டுபிடிக்கும்.

ஆழத்தில்தான் கசியும் என்று பயப்படுவார்கள். உண்மையில் முதல் ஓரிரு மீட்டரில்தான் கவனம் வேண்டும். அங்கே ஓ-ரிங்கை இறுக்கி அமுக்க அழுத்தம் போதாது. படகிலிருந்து கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு குதிப்பதும், பல கேமராக்கள் கிடக்கும் நன்னீர்த் தொட்டியில் ஒன்றோடொன்று இடித்துக் கொக்கி தளர்வதும் 20 மீட்டர் ஆழத்தைவிட ஆபத்து. தண்ணீரில் இறங்கிய பிறகு படகிலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். முதல் மீட்டரில் நின்று ஹவுசிங்கின் கீழ் மூலையைப் பாருங்கள். குமிழி வரிசையாக வந்தாலோ, உள்ளே ஈரம் தெரிந்தாலோ உடனே மேலே கொடுத்துவிடுங்கள்.

கண்ணாடியில் பனி படிவது நம் ஊரில் கசிவைவிட அடிக்கடி வரும் தொல்லை. கடற்கரைக் காற்றின் ஈரத்தோடு ஹவுசிங்கை மூடினால், கேமரா சூடாகி, கண்ணாடி கடல்நீரில் குளிர்ந்ததும் அந்த ஈரம் முழுவதும் லென்ஸுக்கு முன்னால் படியும். முன்தினம் இரவே ஏசி அறையில் பேட்டரி, மெமரி கார்டு எல்லாம் சரிபார்த்து, சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்று வைத்து மூடிவிடுவேன். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குப் போகும் வழியிலும் படகிலும் ஈரத்துண்டு சுற்றி நிழலில்தான் இருக்கும். வெயிலில் ஒரு கால் மணி நேரம் கிடந்தாலும் உள்ளே சூடேறிவிடும்.

பட்டன்களை வாங்கும்போது யாரும் பார்ப்பதில்லை. முன்பு நான் வைத்திருந்த ஒரு ஹவுசிங்கில் (வேறு கேமராவுக்கானது) பட்டன் தண்டில் உப்புப் படிந்து, ஆழத்தில் அமுக்கினால் மேலே திரும்பாமல் நின்றுவிடும். ஒவ்வொரு பட்டனுக்கும் உள்ளே ஒரு குட்டி ஓ-ரிங்கும் ஸ்பிரிங்கும் உண்டு. வந்ததும் அரை மணி நேரம் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, ஊறும்போதே எல்லா பட்டனையும் பலமுறை அமுக்கி விட வேண்டும். குழாயடியில் காட்டி எடுப்பது போதாது. கடையில் கையில் எடுக்க வாய்த்தால் ஷட்டரைப் பாதி அமுக்கி ஃபோகஸ் பிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். சில ஹவுசிங்கில் அந்தப் பாதி நிலையே விரலுக்குத் தெரியாது. கிட்டே எடுக்கும் படத்துக்கு அது இல்லாமல் முடியாது.

அலுமினிய ஹவுசிங்குகள் வேறு உலகம். நாட்டிகாம் போன்றவை 100 மீட்டர் தாங்கும், உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சிக் கசிவைச் சோதிக்கும் வால்வும் மாட்டலாம். பட்டன்கள் அருமை. ஆனால் ஹவுசிங் விலை கேமராவைத் தாண்டிப் போகும். தொழிலாகச் செய்கிறவர் வாங்கட்டும். கேமராவைப் போட்டு மூடும் பிளாஸ்டிக் பைகள் நீச்சல் குளத்துக்கு மட்டும்.

மழைக்காலத்தில் டைவ் இல்லாத மாதங்களில் ஹவுசிங்கைக் கொக்கி போட்டு வைக்காதீர்கள், அழுந்தியே கிடந்தால் ஓ-ரிங் தட்டையாகிவிடும். நான் ஓ-ரிங்கைக் கழற்றிச் சின்னப் பையில் போட்டு ஹவுசிங்குக்குள்ளேயே வைப்பேன். வருடத்துக்கு ஒரு புது ஓ-ரிங் மாற்றுகிறேன். உதிரி ஓ-ரிங் நம் ஊர்க் கடைகளில் கிடைக்காது, வரவழைக்க நாளாகும், அதனால் ஹவுசிங் வாங்கும்போதே இரண்டைச் சேர்த்து வாங்கிவிடுங்கள். மாசி, பங்குனியில் மீண்டும் இறங்கும் முன், கேமரா இல்லாத வெறும் ஹவுசிங்குக்குள் ஒரு டிஷ்யூ பேப்பரும் கொஞ்சம் ஈய எடையும் வைத்து முதல் டைவுக்குக் கொண்டுபோங்கள். எடை இல்லாவிட்டால் அது மேலே இழுக்கும். பேப்பர் உலர்ந்து வந்தால் அடுத்த டைவில் கேமராவை மாட்டலாம்.