அசார்ட்டட் சிக்லிட் பேக்கேஜ்: கோவைப் பக்கம் பெரிய தொட்டி வைக்கிறவங்க கவனிங்க

ஒன்றரை இஞ்சு நீளத்திலேயே நீலமும் ஆரஞ்சுமாக மின்னுகிற பீக்காக் சிக்லிட் என்ற தொட்டி மீனின் குஞ்சை எந்தக் கடையில் காட்டினாலும் விலை கூடக் கேட்காமல் நடையைக் கட்டுங்கள். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த இந்தப் பீக்காக்கில் ஆணுக்குத்தான் அந்தக் கலர், அதுவும் இரண்டரை, மூன்று இஞ்சு வளர்ந்த பிறகு மெல்லத்தான் ஏறும். குஞ்சும் பெட்டையும் சாம்பல் நிறம். சின்னதிலேயே முழுக் கலர் என்றால் ஆண் ஹார்மோன் கலந்த தீனி போட்டு ஏற்றியது என்று வைத்துக்கொள்ளுங்கள், தீனி நின்றதும் கலரும் இறங்கிவிடும்.

எனக்கு விற்றது கோவையில் நல்ல கூட்டம் வருகிற ஒரு கடை. திருப்பூரில் எங்கள் வீட்டு ஹாலில் அஞ்சுக்கு ரெண்டுக்கு ரெண்டு அடித் தொட்டி, ஐந்நூறு லிட்டருக்கு மேல் பிடிக்கும். "பெரிய தொட்டிங்ணா, எதை வேணா விடலாம், ஒண்ணும் ஆகாதுங்ணா" என்று சொல்லிக்கொண்டே கடைப் பையன் வலையைப் போட்டு அள்ளினான். நீலப் பீக்காக், மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட ஒரு வகை, ஏஞ்சல், அழுக்குத் தின்ன சக்கர், ஓடித் திரிய சில்வர் ஷார்க். எதற்கும் பெயர் கிடையாது, கேட்டால் எல்லாம் 'அசார்ட்டட்', அதாவது கலவை. பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டில் மொத்தத்தை எழுதி 'எஸ்டிமேட்' என்று கிறுக்கிக் கொடுத்தார்கள்.

முதலில் நீலம் போனது. நெற்றி வெளிறி, அப்புறம் உடம்பில் குறுக்குப் பட்டை தெரிய ஆரம்பித்து, கடைசியில் பார்க்கக் குளத்து ஜிலேபி மாதிரி ஆகிவிட்டது. (ஜிலேபியும் சிக்லிட் குடும்பம்தான், அதையே சும்மா பிடித்து வந்து விட்டிருக்கலாம்.) படம் அனுப்பினால் "உங்க போர் தண்ணி சரியில்லைங்ணா" என்று பதில். இங்கேதான் எனக்கு ஆத்திரமே வந்தது. மலாவி ஏரித் தண்ணீரே காரத்தன்மை உள்ளது, பிஹெச் 7.7 முதல் 8.6 வரை இருக்கும், அதனால் உப்பு ரொம்ப ஏறாத போர் தண்ணீரில் ஆப்பிரிக்க சிக்லிட் தாராளமாக வளரும். சிறுவாணி மாதிரி மென்மையான தண்ணீர் தோதாக இருப்பது டிஸ்கஸ், ஏஞ்சல் போன்ற அமேசான் மீன்களுக்கு. இரண்டு கூட்டத்தையும் ஒரே பையில் கட்டிக் கொடுத்தவர்கள் என் தண்ணீரைக் குறை சொல்கிறார்கள்!

அடுத்தது மஞ்சள். அதில் பெரியது ஒன்று நாளுக்கு நாள் கறுத்து, மஞ்சள் இருந்த இடமெல்லாம் கரியாகி, முதுகோரம் மட்டும் வெளிர்க் கோடு மிஞ்சியது. கடையில் 'பங்கஸ்' என்று ஒரு நீல மருந்தை 280 ரூபாய்க்குத் தலையில் கட்டப் பார்த்தார்கள். வாங்கவில்லை. தேடிப் பார்த்தால் அது நோயே இல்லை, மெலனோகுரோமிஸ் ஆரட்டஸ் என்ற மீனின் ஆண், பருவத்துக்கு வந்தால் அப்படித்தான் கறுக்கும். நாலு இஞ்சுதான் வளரும், ஆனால் பாறைகளை ஒட்டி வாழும் மலாவி சிக்லிட்களில் சண்டைக்குப் பேர்போனது. அதற்குள் ஏஞ்சல்களின் வாலைக் கிழித்துக் கொன்றுவிட்டது, பீக்காக் எல்லாம் ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் செங்குத்தாக ஒடுங்கிக் கிடந்தன. இந்த ஆரட்டஸுக்கும் பிளட்வார்ம் என்ற சிவப்புப் புழுவைத் தினமும் போடச் சொல்லியிருந்தார்கள். பாறையில் பாசி சுரண்டித் தின்கிற மீன் அது, தினமும் புழு போட்டால் வயிறு ஊதிச் சாகும்.

சக்கரும் சில்வர் ஷார்க்கும் ஒவ்வொன்றும் ஓரடி வளரும் என்று விற்கும்போது ஒரு வார்த்தை கிடையாது. திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னபோது "நொய்யல்ல விட்டுருங்ணா" என்கிறான். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள், சக்கர் ஏற்கெனவே நம் ஊர் ஏரி குளங்களில் பெருகி நாட்டு மீன்களுக்குத் தொல்லையாகிக் கிடக்கிறது.

பெரிய தொட்டியில் பீக்காக்தான் வேண்டும் என்றால் கூட எல்லோ லேப் என்ற மஞ்சள் மலாவி சிக்லிட், சைனோடாண்டிஸ் கெளுத்தி, பாசிக்கு அஞ்சு இஞ்சு தாண்டாத பிரிசில்நோஸ் என்ற சின்ன சக்கர், இவை போதும். ஆரட்டஸ் எந்த விலைக்கும் வேண்டாம். ஆஸ்கர் என்ற பெரிய சிக்லிட் மேல் ஆசை இருந்தால் அதற்குத் தனித் தொட்டி. கடையில் ஒவ்வொரு மீனுக்கும் முழுப் பெயரைச் சொல்ல வையுங்கள், சொல்லத் தெரியாவிட்டால் அடுத்த கடை. என்னைக் கேட்டால் வீட்டில் குஞ்சு எடுக்கிறவர்களிடம் தாய் தகப்பனைப் பார்த்துவிட்டு, சாம்பல் குஞ்சாகவே வாங்குவதுதான் நல்லது, கலர் வரக் கொஞ்ச நாள் ஆகட்டுமே.

முதலாளியிடம் நேரில் போய்க் கேட்டேன். "உயிருள்ள பொருளுக்கு கேரண்டி எப்படிங்க தர முடியும்?" என்றார். செத்த மீனுக்கு நான் காசு கேட்கவில்லை, ஹார்மோன் மீனைப் பீக்காக் விலைக்கு விற்றதற்குத்தான் கேட்கிறேன் என்றதும் அடுத்த ஆளிடம் பேசப் போய்விட்டார். பில் இல்லாவிட்டாலும் ஜிபேயில் கட்டிய விவரமும் வாட்ஸ்அப் பேச்சும் இருக்கின்றன, நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்திருக்கிறேன், பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன். அந்தக் கறுப்பு ஆரட்டஸ் இப்போது தனித் தொட்டியில். இடமும் துணிச்சலும் உள்ளவர்கள் திருப்பூர் வந்தால் சும்மாவே எடுத்துப் போகலாம்.