புது போன் என்று சொல்லி ஓடின போனைத் தலையில் கட்டினார்கள், 21,500 ரூபாய் போச்சு

காஞ்சிபுரத்திலும் சுற்று வட்டாரத்திலும் மொபைல் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். நேற்று சாயங்காலம் அந்தக் கடையில் கடைசியாக எனக்குக் கிடைத்த பதில், “வேணும்னா போலீஸ்ல சொல்லிக்கோங்க.” அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. எல்லா பிராண்டும் விற்கிற, பழைய போனை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்கிற மொபைல் கடை அது. பெயரைப் போட வேண்டாம் என்று வீட்டில் சொல்கிறார்கள், அதனால் போடவில்லை.

போன பணம் 21,500 ரூபாய். 19,000 ரொக்கம், சீட்டு எடுத்த காசு. மீதி 2,500-க்கு என் பழைய போனைக் கொடுத்தேன்.

எங்கள் வீட்டில் போன் வாங்குவது சாதாரண விஷயம் இல்லை. அப்பா பட்டுத்தறி நெய்தவர். 2003-இல் இன்கமிங்குக்குக் காசு எடுப்பது நின்ற பிறகுதான் போன் வாங்குவதைப் பற்றியே யோசித்தார். அடுத்த வருடம் நோக்கியா 1100 வாங்கினார். அதில் டார்ச் உண்டு. கரண்ட் போனால் போனைப் பல்லில் கடித்துக்கொண்டு, அந்த வெளிச்சத்தில் அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போடுவார். தறிக்குழியில் எத்தனை தடவை விழுந்ததோ, பேட்டரியைத் திரும்பப் போட்டால் ஓடும். 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை வந்தபோது என் சித்தி மகள் அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். கம்பெனி பஸ் தெருமுனைக்கே வரும். “நம்ம பொண்ணு செய்யற போன்” என்று அப்பா எல்லோரிடமும் சொல்வார். 2014 நவம்பரில் ஆலையை மூடினார்கள், அவள் வேலையும் போனது. ஆனாலும் அவள் வாங்கித் தந்த பட்டன் போன் அம்மாவிடம் இன்னும் ஓடுகிறது. நான் எக்ஸ்சேஞ்சில் கொடுத்த போனும் ஓரத்தில் விரிசல் விட்டதே தவிர, பேச, பணம் அனுப்ப எந்தக் குறையும் இல்லாமல் இருந்தது. சார்ஜ்தான் நிற்கவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு கடைக்காரரும் எங்களை ஏமாற்றியதில்லை.

இந்தக் கடை முதலாளி பேசின பேச்சைக் கேட்டிருந்தால் யாரும் நம்பியிருப்பார்கள். உட்கார நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார். எந்தத் தெரு என்று கேட்டார், சொன்னேன். “தறிக்காரர் வீடா? அப்பாவை எனக்கு நல்லாத் தெரியும்க்கா. நம்ம ஊர்க்காரங்களை ஏமாத்திட்டு நான் எங்க போயிடப் போறேன்? ஒண்ணுன்னா நேரா எங்கிட்ட வாங்க” என்றார். அப்பா இறந்து போனதைச் சொன்னேன். ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப உங்களுக்கு 500 குறைச்சே போடறேன்” என்றார். அந்த இடத்தில்தான் நான் பணத்தை எண்ணி வைத்தேன். அப்பா பெயரைச் சொல்லி விற்றிருக்கிறார், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

கடைப் பையன் என் கண் முன்னாலேயே பெட்டியில் ஒட்டியிருந்த சீலைக் கிழித்தான். போனை எடுத்த கையோடு, நான் வாங்கிப் பார்ப்பதற்குள், “டெம்பர்டு கிளாஸ் ஃப்ரீக்கா” என்று ஒட்டிவிட்டான். பில் கேட்டதற்கு, ஜிஎஸ்டி பில் என்றால் 18 சதவீதம் கூட ஆகும் என்றார் முதலாளி. பெட்டியில் போட்டிருக்கிற எம்ஆர்பியில் எல்லா வரியும் அடக்கம், அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்கக் கூடாது. அதைச் சொன்னேன். உடனே, “சரிக்கா, இப்ப கம்ப்யூட்டர் ரிப்பேர், நாளைக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடறேன்” என்று கையால் எழுதின எஸ்டிமேட் சீட்டைக் கொடுத்தார். மாடல் பெயரும் 21,500 என்ற தொகையும் மட்டும் அதில் இருக்கிறது. ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கிற அடையாள எண்ணான ஐஎம்இஐ எண் இல்லை. பில் இன்று வரை வரவில்லை.

வாரம் திரும்புவதற்குள் போன் சூடாக ஆரம்பித்தது. காலையில் முழு சார்ஜ் போட்டால் மத்தியானம் தாண்டவில்லை. அந்த பிராண்டின் சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் ஐஎம்இஐ எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு, “மேடம், இது போன வருஷமே ஆக்டிவேட் ஆயிடுச்சே” என்றாள். வாரண்டியில் மிச்சம் சில வாரம்தான். அப்புறம் அந்த டெம்பர்டு கிளாஸை உரித்தாள். முன் கேமராவுக்குக் கீழே முடி மாதிரி நீளமாக ஒரு கீறல். ஸ்பீக்கர் ஓட்டையில் பழைய அழுக்கு. வீட்டுக்கு வந்து பெட்டியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். கிழித்த சீலுக்கு அடியில் இன்னொரு சீல் இருந்த பசைத்தடம் அப்படியே தெரிகிறது.

கடைக்கு ஓடினேன். “ஓனர் இல்லை, சாயங்காலம் வாங்க.” சாயங்காலம் போனால், “டிஸ்ட்ரிபியூட்டர்கிட்ட பேசியிருக்கேன்க்கா, ரெண்டு நாள் பொறுங்க.” பிறகு, “டெமோ பீஸா இருக்கும், அதனால என்ன, நல்லாத்தானே ஓடுது?” அதற்குப் பிறகு போனை எடுப்பதே இல்லை. நேரில் போனால், “விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது” என்ற போர்டைக் காட்டுகிறார்கள். டீ கொடுத்த அதே மனிதர் என்னை நிற்க வைத்துக்கொண்டு வேறு ஒருவருக்கு போன் காட்டிக்கொண்டிருக்கிறார். சரி, என் பழைய போனையாவது கொடுங்கள் என்றேன். “அது அன்னைக்கே சென்னைக்குப் போயிடுச்சுக்கா.” எல்லாவற்றையும் மாற்றித் தருகிறேன் என்ற பையன் வாட்ஸ்அப்பையும் போட்டோக்களையும்தான் மாற்றியிருக்கிறான். ரெக்கார்டரில் இருந்த அப்பாவின் குரல் போனது போனதுதான். 21,500 ரூபாயை நான் எப்படியாவது திரும்பச் சம்பாதித்துவிடுவேன், அதை எங்கே போய் வாங்குவேன்?

அந்த போர்டைப் பார்த்து யாரும் பயப்படாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்காமல் இருப்பது முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான். பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் வரை நமக்கு உரிமை இருக்கிறது. இதை நேற்று அங்கே சொன்னபோதுதான் போலீஸில் சொல்லிக்கொள்ளச் சொன்னார்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது மனசு நிதானத்தில் இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். காசு கொடுக்கும் முன் *#06# அழுத்துங்கள், வருகிற எண்ணும் பெட்டியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். அந்த எண்ணை பிராண்டின் இணையதளத்தில் போட்டு வாரண்டி எப்போது தொடங்கியது என்று கடையிலேயே பாருங்கள். KYM என்று அடித்து, இடம் விட்டு ஐஎம்இஐ எண்ணையும் போட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் போதும் என்கிறார்கள். நானும் அனுப்பினேன். பிராண்டும் மாடலும் சரியாகத்தான் வந்தது. திருட்டு போன், போலி எண் என்றால் அதில் தெரியும், ஓடின போன் என்று தெரியாது. யாரையும் உடனே கிளாஸ் ஒட்ட விடாதீர்கள். ஐஎம்இஐ எண் போட்ட பில் கைக்கு வராமல் பழைய போனைக் கொடுக்காதீர்கள், அதில் இருப்பதை நீங்களே எடுத்து, நீங்களே அழித்துவிட்டுக் கொடுங்கள்.

நாளை காலை தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிகிறேன். அங்கே நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் வரை மனுவுக்குக் கட்டணம் கிடையாது. எஸ்டிமேட் சீட்டு, சர்வீஸ் சென்டரில் கொடுத்த ஜாப் ஷீட், பெட்டி எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். இதே மாதிரி சீட்டை வாங்கிக்கொண்டு வந்தவர்கள் இன்னும் இருப்பீர்கள். உங்கள் போனில் வாரண்டித் தேதியை இன்றைக்கே பாருங்கள், தப்பாக இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே மனு கொடுப்போம்.