பழைய லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி மாட்டப் போகிறீர்களா? டப்பாவை நம்பாதீர்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கம் யாராவது பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்குக் கிளம்புவதாக இருந்தால் முதலில் இதைப் படியுங்கள். எனக்கு 7,800 ரூபாய் போய்விட்டது.

நீடாமங்கலத்தில் வீட்டிலிருந்தே உரக்கடை, அரிசி ஆலைக் கணக்குகளை டேலியில் போட்டுக் கொடுக்கிறேன். 2017-இல் வாங்கிய லேப்டாப். 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். ஆன் செய்துவிட்டுக் குளித்து வந்தாலும் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கும். ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே எல்லாவற்றையும் சேமிக்கும் வேகமான டிஸ்க்) போட்டு, ரேமையும் கூட்டினால் இந்த மாதிரி மெஷின் நன்றாக ஓடும். அது உண்மைதான், இப்போதும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பக்கத்து டவுனில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. உள்ளே போனதும் கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "எந்த ஊரு தம்பி?" என்றார். சொன்னேன். "அட, எங்க சம்பந்தி வீடு அங்கதான். நம்ம புள்ளைக்கு நான் தப்பா செய்வேனா?" என்று டீ வரவழைத்தார். 512 ஜிபி எஸ்எஸ்டி, 8 ஜிபி ரேம், வேலைக்கூலி எல்லாம் சேர்த்து 7,800 ரூபாய், 3 வருஷ வாரண்டி. சீல் பிரிக்காத எஸ்எஸ்டி டப்பாவை என் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொன்னார். மனுஷன் இவ்வளவு வெளிப்படையாக இருக்கிறாரே என்று மனசு நிறைந்து, லேப்டாப்பை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் போனால் படபடவென்று திறக்கிறது. அந்த டப்பாவையும் கையில் கொடுத்து, "பத்திரமா வெச்சுக்கங்க தம்பி, வாரண்டி இதுலதான் இருக்கு" என்றார். இங்கேதான் சூட்சுமம். எஸ்எஸ்டி பழசானாலும் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்கை விடப் பல மடங்கு வேகமாக ஓடும். அதனால் பழசை மாட்டிக் கொடுத்தாலும் முதல் நாளில் யாருக்கும் தெரியாது.

கொஞ்ச நாளிலேயே டேலி நடுவில் உறைந்துபோக ஆரம்பித்தது. அப்புறம் நீலத் திரை. திருவாரூரில் இருக்கும் நண்பன் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுக் காட்டினான். புதுசு என்று கொடுத்த எஸ்எஸ்டி அதற்குள் 19 ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு மேல் இரவு பகலாக ஓடினால்தான் அந்தக் கணக்கு வரும். ஹெல்த், அதாவது எஸ்எஸ்டியின் மிச்ச ஆயுள், 38 சதவீதம். டப்பாவில் இருந்த சீரியல் நம்பர் வேறு, திரையில் வந்த நம்பர் வேறு. பின்மூடியைக் கழற்றிப் பார்த்தால், லேபிள் ஓரத்தில் வேறொரு ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்த பசை கறுத்து ஒட்டியிருக்கிறது. அதன் மேல் மார்க்கர் பேனாவால் யாரோ "14" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ரேமும் அப்படித்தான். என்னுடைய 4 ஜிபியோடு இன்னொரு 4 ஜிபியைச் சேர்த்து மாட்டிவிட்டு 8 ஜிபிக்குக் காசு வாங்கியிருக்கிறார்.

போன் செய்தேன். அன்றைக்குத் தம்பி என்று தேனாய்ப் பேசியவர் இன்றைக்கு "சார்" என்கிறார். "உங்க ஊர்ல வோல்டேஜ் ஏறி இறங்கும் சார், நாங்க என்ன பண்றது?" லேப்டாப் அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் என்று அடாப்டரிலேயே அச்சடித்திருக்கிறதே என்றேன். "அப்ப வைரஸா இருக்கும்." அடுத்த தடவை, விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் நின்றுவிட்டதாம், அதனால்தான் தொங்குகிறதாம். 2025 அக்டோபர் 14-இல் நின்றது வழக்கமான பாதுகாப்பு அப்டேட். அதற்காக எஸ்எஸ்டியின் ஹெல்த் இறங்குமா? நேரில் போனால் கடைப் பையன், "ஓனர் கல்யாணத்துக்குப் போயிருக்காரு" என்கிறான். வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. எந்தக் கல்யாணம் இத்தனை நாள் நடக்கிறது?

7,800 ரூபாயை விட வயிறு எரிவது இன்னொன்றுக்கு. என் பழைய ஹார்ட் டிஸ்கைத் திருப்பித் தரவே இல்லை. "எக்ஸ்சேஞ்ச்ல போயிடுச்சு சார்" என்கிறார். எக்ஸ்சேஞ்ச் என்று பேச்சே எழவில்லையே! அதில் என்னை நம்பிக் கணக்குக் கொடுத்தவர்களின் பான், ஆதார் நகல்கள் இருக்கின்றன. அது யார் கையில் இருக்கிறதோ என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை. என் கையில் இருப்பது "லேப்டாப் சர்வீஸ் 7,800" என்று கிறுக்கிய துண்டுச்சீட்டு மட்டும்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. கண் முன்னால் மாட்டச் சொல்லுங்கள். காசு கொடுக்கும் முன் ஓடிய மணி நேரத்தையும் சீரியல் நம்பரையும் திரையில் பாருங்கள், பில்லில் அந்த நம்பரை எழுதி வாங்குங்கள். ரேம் "மொத்தம் எவ்வளவு, புதுசு எவ்வளவு" என்று பிரித்துக் கேளுங்கள். பழைய டிஸ்கைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. என் 7,800 ரூபாயும் ஹார்ட் டிஸ்கும் வராமல் விடப்போவதில்லை.